பாட்டு, வானொலி, தூரிகை: வாசகர் கேள்வி – பதில்

எஸ். ராஜம் வரைந்த சங்கீத மும்மூர்த்திகள் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் பாட்டு, வானொலி, ஓவியம் மூன்றையும் தொட்டுக் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் அதே மும்மூர்த்திகள் படம் இருக்கிறது. வரைந்தவர் ஒரு பாடகர் என்பது இப்போதுதான் தெரிந்தது. அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.
– வாசகி, மன்னார்குடி

1919இல் பிறந்து 2010இல் மறைந்த மயிலாப்பூர்க்காரர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934இல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தபோது அவருக்கு வயது பதினைந்து. அந்தப் படத்துக்கு இசையமைத்த பாபநாசம் சிவனிடமும், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடமும், முத்துஸ்வாமி தீட்சிதர் வழியில் வந்த அம்பி தீட்சிதரிடமும் பாடம் கேட்டார். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாக ஓவியமும் படித்தார். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பிறகு ராஜம் சென்னை வானொலி நிலையத்தின் இசைப் பிரிவில் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

ஒருவருக்கு எத்தனை திறமை என்று வியந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. இந்த மூன்று வேலைகளும் அவரிடம் ஒன்றுக்கொன்று தீனி போட்டன. தீட்சிதர் கிருதியின் சாகித்தியத்தை, அதாவது பாட்டு வரிகளை, பதம் பிரித்துப் பாடம் செய்தவருக்கு, அந்தத் தெய்வத்தின் கையில் என்ன ஆயுதம், உடையில் என்ன நிறம் என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. அதையே காகிதத்தில் இறக்கினார்.

மூன்றிலும் கால் வைத்தால் எதிலும் முழுமை வராது என்று என் குரு சொல்கிறார். உண்மையா?
– மாணவர், திருச்சி

எப்படிக் கால் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றையும் ஒரே நாளில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டால் உங்கள் குரு சொல்வதுதான் நடக்கும். சாதகத்துக்கு அதிகாலை, குரல் ஓய்ந்திருக்கும் பிற்பகலில் கோட்டுப் பயிற்சி என்று உடம்பின் போக்கை அனுசரித்து வையுங்கள். பாடி முடித்த கையோடு வண்ணம் கலக்க உட்கார்ந்தால் மூச்சு வேகமாக இருக்கும், கோடு நடுங்கும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒன்றுதான் முதன்மை, மற்றது பக்கத்துணை. மாதச் சம்பளம் தரும் வேலையும் கலைக்குப் பகை அல்ல. சபாக்காரர் கேட்பதை மட்டும் பாட வேண்டிய கட்டாயத்திலிருந்து அது விடுவிக்கிறது.

மகளுக்கு வயது 20. வாய்ப்பாட்டில் வானொலி ஆடிஷனுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். எப்படித் தயாராவது? எதில் தவறுகிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

வானொலிக் கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள் உண்டு. புதியவர் முதலில் பி கிரேடுக்குத்தான் தன்னைக் காட்ட வேண்டும். விண்ணப்பப் படிவம், கட்டணம், தேதி எல்லாம் உங்கள் பகுதி நிலையத்தின் அறிவிப்பில் இருக்கும். அதில் உள்ளபடியே செய்யுங்கள்.

மகள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், கேட்பவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது. பாடுபவர் ஓர் அறையில், தேர்வுக் குழு வேறோர் அறையில். பெயர் சொல்லப்படுவதில்லை, ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வரும். கச்சேரி மேடையில் புன்னகையும் கைவீச்சும் மறைத்துவிடுகிற சுருதிப் பிசகு அங்கே அப்பட்டமாகக் கேட்கும். அதனால் வீட்டில் பாடிப் பதிவு செய்து, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். அன்றைக்கே கேட்டால் பாடிய நினைவு காதை ஏமாற்றும்.

பட்டியலில் எழுதிக் கொடுத்த எந்த ராகத்தையும் கேட்கலாம் என்று நினைத்தே தயாராக வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கனமாகத் தெரியட்டும் என்று பைரவி, தோடி, வராளி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இரண்டில் மட்டும் சாதகம் செய்திருப்பார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ராகத்துக்கும் மூன்று அளவில் ஆலாபனை (பாட்டு வரி இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) கையில் இருக்கட்டும்: ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஏழு நிமிடம். ஏழு நிமிட ஆலாபனையை அவசரமாகச் சுருட்டினால் ஒரு நிமிட ஆலாபனை ஆகாது. ஒரு நிமிடத்துக்கு ராகத்தின் உயிர்ப் பிடி இரண்டு, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு ஒரு சஞ்சாரம், திரும்பி வந்து சேர்தல், அவ்வளவுதான். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். பழைய வித்வான்கள் அதற்குள் முழு ராகத்தையும் காட்டிய தட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்பதே பெரிய பாடம்.

கச்சேரித் தொடக்கத்தில் பாடும் வர்ணம் என்ற உருப்படி, இரட்டை வேகமான இரண்டாம் காலத்தில் தாளத்தையும் இழுத்துக்கொண்டு வேகம் எடுத்துவிடும். மெட்ரோனோமில் முதல் காலத்தை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டு, இரண்டாம் காலத்திலும் அதே 60இல் தட்டு நிற்கிறதா என்று பத்து நாள் பாருங்கள். சாகித்தியத்தை எங்கே மூச்சு விட்டுப் பிரிப்பது என்பதையும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். சொல்லின் நடுவில் மூச்சு எடுத்து அர்த்தத்தை உடைப்பது மேடையில் தப்பித்துவிடும், ஒலிபெருக்கியில் தப்பாது.

வானொலியில் அரை மணி நேரம் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேடைப் பழக்கம் உண்டு, ஸ்டுடியோ புதிது. என்ன மாறும்?
– பாடகி, மதுரை

நேரக் கணக்கு முதலில். அரை மணியில் அறிவிப்பு, இடைவெளி எல்லாம் அடக்கம். 28 நிமிடப் பாட்டு என்று திட்டமிடுங்கள். வர்ணம் முழுவதையும் இரண்டு காலத்தில் பாடினால் ஆறேழு நிமிடம் போய்விடும். அதைவிட, மத்தியம காலத்தில் ஒரு சின்னக் கிருதியோடு தொடங்குவது நல்லது, 4 நிமிடம். அடுத்த கிருதி சிட்டஸ்வரத்தோடு 5. முதன்மை உருப்படிக்கு 16: உங்கள் ஆலாபனை 4, வயலின் 2, கிருதி 7, ஸ்வரம் 3. கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டு ஒன்று, 3. நேரம் இடித்தால் எதை வெட்டுவது என்பதை முன்பே வயலின்காரரிடமும் மிருதங்கக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். ஸ்வரத்தை வெட்டலாம், சரணத்தை வெட்டக் கூடாது. ஸ்வரத்தின் முடிவில் வரும் கோர்வை முடிவதற்குள் நேரம் தீர்ந்தால் நடுவிலேயே ஒலி மங்கி அறிவிப்பு வந்துவிடும். ஆறு மாதம் செய்த கணக்கு யார் காதுக்கும் போகாது.

மைக்கில் வாய் படாமல் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரம். மைக்கின் முகம் நேராக வாயைப் பார்க்காமல், சற்று மேலே மூக்குக்கு நேராக இருந்து சாய்ந்து பார்க்கட்டும். 'ப', 'பா' என்று வெடிக்கும் எழுத்துகளின் காற்று கீழே போய்விடும். தார ஸ்தாயியில் (மேல் சுருதியில்) போகும்போது நாலு விரற்கடை பின்னுக்கு வந்தால் போதும். மேடையில் போல ஒரு முழம் பின்வாங்கினால் குரல் வேறு அறைக்குப் போனதுபோல் கேட்கும்.

தாளம் போடும் தொடை மீது கெட்டித் துண்டு ஒன்றை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், ஆனால் சளார் சளார் என்ற அந்த அறைச் சத்தம் ஒவ்வொரு அட்சரத்துக்கும் பதிவாகியிருக்கும். கண்ணாடி வளையல், மொடமொடப்பான பட்டுப்புடவை இரண்டும் அன்றைக்கு வேண்டாம். பாட்டுத்தாளை நோட்டுப் புத்தகமாக வைக்காமல் தனித்தனித் தாளாக, சத்தமில்லாமல் நகர்த்தும்படி வையுங்கள்.

குளிர்சாதன அறையில் வாத்தியங்களின் கதை தனி. காற்று வறண்டிருப்பதால் மிருதங்கத் தோல் இறுகி, வலப்பக்கமான வலந்தலையின் சுருதி ஏறும். இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவை சீக்கிரம் காய்ந்து, உருப்படியின் நடுவில் உதிரத் தொடங்கும். அரை மணி முன்பே வாத்தியங்களை உறை நீக்கி ஸ்டுடியோவுக்குள் வைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். ரவையைச் சற்று ஈரமாகவே பிசைந்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. ராகம், தாளம், இயற்றியவர் பெயரோடு பாட்டுப் பட்டியலைத் தெளிவான எழுத்தில் மூன்று பிரதி கொண்டுபோங்கள்: அறிவிப்பாளருக்கு ஒன்று, பணியில் இருக்கும் அதிகாரிக்கு ஒன்று, வயலின்காரருக்கு ஒன்று. 'கௌளை'யையும் 'கௌளிபந்து'வையும் அவசரத்தில் மாற்றி வாசித்துவிட்டால் பழி பாடகர் மீதுதான் விழும்.

ராஜம் விவாதி ராகங்களை விரும்பிப் பாடியவர் என்கிறார்கள். பாடினால் தோஷம் என்றும் சொல்கிறார்களே? எப்படிப் பழகுவது?
– இசைக் கல்லூரி மாணவி, சென்னை

ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகம் மேளம். அதில் சுத்த காந்தாரம், ஷட்ஸ்ருதி ரிஷபம், சுத்த நிஷாதம், ஷட்ஸ்ருதி தைவதம் ஆகியவற்றில் ஒன்றாவது வந்தால் அது விவாதி. ஆறு மேளம் சேர்ந்தது ஒரு சக்கரம். 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள். 1, 6, 7, 12 ஆகிய நான்கு சக்கரங்களில் ஆறும் விவாதி, ஆக 24. மீதி எட்டுச் சக்கரங்களில் முதலும் கடைசியும், ஆக 16. தோஷம் என்று ஒதுக்கினால் பாதிக்கு மேல் கதவைச் சாத்துகிறோம். கவி குஞ்சர பாரதியின் பேரரான கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களுக்கும் முருகன் மீது தமிழில் கிருதி செய்து 'கந்த கானாமுதம்' தந்தார். அவற்றை ஒதுக்கிவைக்காமல் பாடிப் பரப்பியதில் ராஜத்துக்குப் பெரிய பங்கு. நான் அவர் கட்சி. ராகத்தில் குறை இல்லை, பழகாத தொண்டையில்தான் குறை.

நீங்கள் ஏற்கெனவே விவாதி ஸ்வரங்களைப் பாடிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நாட்டையில் வருவது ஷட்ஸ்ருதி ரிஷபம். வராளியில் வருவது சுத்த காந்தாரம். அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஸ்தானம் புதிதல்ல, பெயர்தான் புதிது. சுத்த காந்தாரம் நிற்பது சதுஸ்ருதி ரிஷபத்தின் இடத்தில். ஷட்ஸ்ருதி ரிஷபம் சாதாரண காந்தாரத்தின் இடத்தில். மேல் பாதியில் சுத்த நிஷாதம் சதுஸ்ருதி தைவதத்தின் இடத்தில், ஷட்ஸ்ருதி தைவதம் கைசிகி நிஷாதத்தின் இடத்தில். முதல் வாரம் தம்பூராவோடு 'ஸ – க' மட்டும். முதலில் கரஹரப்பிரியா ரிஷபத்தை 'ரி' என்றே பாடி நிறுத்துங்கள். இடம் நகராமல் அதே ஒலியை 'க' என்று சொல்லுங்கள். உயிரெழுத்து மாறும்போது சுருதி மேலே தாவுகிறதா என்று பாருங்கள். தாவும். அது தாவாத நாளில் அடுத்த படி: 'ஸ ரி க ரி ஸ', ரிஷபம் சுத்தம். இரண்டுக்கும் நடுவில் அரை ஸ்வரம்தான் இடைவெளி. மெதுவாக, அகாரத்தில் பத்து முறை, ஸ்வரப் பெயரோடு பத்து முறை.

முதல் மேளமான கனகாங்கி ஏன் வழுக்குகிறது தெரியுமா? அதில் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அரை ஸ்வரம் உயர்த்தினால் தோடியாகிவிடும். தோடியில் ஊறிய தொண்டை தன்னையறியாமல் அங்கேதான் போகும். அதனால் கனகாங்கியில் தொடங்காமல் 36ஆம் மேளமான சலநாட்டையில் தொடங்குங்கள். நாட்டை தெரிந்தவருக்கு அது பாதி தெரிந்த ஊர்.

அடுத்த தவறு கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. ஷட்ஸ்ருதி ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் அரை ஸ்வரமே இருப்பதால், ரிஷபத்தை அகலமாக அசைத்தால் காந்தாரத்தில் இடித்து இரண்டும் அடையாளம் இழக்கும். மேலிருந்து இறங்கி வரும்போது ஒரு சிறு ஜாருவோடு (வழுக்கலோடு) வந்து நிற்பது போதும். ஏறும்போது நேராகத் தொட்டு விட்டுவிடுங்கள்.

ராய் சௌத்ரி வழிவந்த 'வாஷ்' ஓவிய முறையை வீட்டில் முயன்றேன். வண்ணம் சேறாகிவிட்டது. காகிதம் அப்பளம்போல் நெளிந்துவிட்டது. எங்கே தவறு?
– ஓவிய ஆசிரியர், கடலூர்

நல்ல கேள்வி, நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர்க்கக் கரைத்த வண்ணத்தைப் பல பூச்சாக இட்டு, இடையிடையே காகிதத்தைத் தண்ணீரில் முக்கி எடுப்பதுதான் வாஷ் முறை. 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ இருவரிடமும் பார்த்ததை அவனீந்திரநாத் தாகூர் தனக்கேற்ப மாற்றிக்கொண்டார். அவருடைய மாணவர் ராய் சௌத்ரி. ராஜத்தின் கோடுகளில் அஜந்தா, இலங்கையின் சிகிரியாச் சுவரோவியங்களின் நெளிவு தெரியும். அந்தக் கோடுகளைச் சூழ்ந்த பனிபோன்ற ஒளி இந்த நீர்வண்ண வழியில் வருவது.

பொருள்கள்: 300 ஜிஎஸ்எம் எடையுள்ள, பருத்தி நாரால் ஆன நீர்வண்ணக் காகிதம், 11க்கு 15 அங்குலம். இதைவிட மெல்லியது நாலாவது முறை தண்ணீரில் முக்கும்போது தாங்காது, மேல்தோல் நூல்நூலாக எழும்பும். இரண்டு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, 2, 6, 10 எண் வட்டப் பிரஷ்கள். காகிதம் மடங்காமல் படுக்கிற அளவில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் அல்லது பிளாஸ்டிக் தட்டு. காகிதத்தைவிட இரண்டு அங்குலம் பெரிய அக்ரிலிக் பலகை.

நெளிவுக்குக் காரணம், காகிதத்தின் ஒரு பகுதி நனைந்து மறுபகுதி காய்ந்திருப்பது. பென்சிலால் இலேசாக வரைந்து முடித்ததும் முழுக் காகிதத்தையும் தாம்பாளத் தண்ணீரில் எட்டு நிமிடம் மூழ்க வையுங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி நீர் வடிந்ததும் அக்ரிலிக் பலகையில் படுக்கவைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். பசையே இல்லாமல் அதுவாகப் பிடித்துக்கொள்ளும். ஓரம் காய்ந்து எழும்பத் தொடங்கினால் அடியில் ஈரப் பிரஷ்ஷை ஓட்டுங்கள்.

பிறகு வேலை இந்த வரிசையில் போகும். உருவங்களுக்கு அவற்றுக்குரிய இயல்பான நிறங்களை நீங்கள் நினைப்பதைவிட ஒன்றரை மடங்கு அழுத்தமாக வையுங்கள், ஏனென்றால் முக்கும்போது கணிசமாக இறங்கும். எலும்புவரை காய விடுங்கள். புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது, இருந்தால் உள்ளே ஈரம். அதன்பின் மீண்டும் தண்ணீரில் முக்கி, பிரஷ்ஷால் தேய்க்காமல் தாம்பாளத்தை மட்டும் மெல்ல ஆட்டுங்கள். ஒட்டாத வண்ணம் புகையாகக் கிளம்பிப் போகும், நாருக்குள் இறங்கியது நிற்கும். எடுத்துப் பலகையில் போட்டு, மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்து மங்கல் வந்த நேரத்தில், மஞ்சள் காவியை மிக நீர்க்கக் கரைத்துத் தட்டைப் பிரஷ்ஷால் முழுக் காகிதத்துக்கும் ஒரு பூச்சு. மறுபடி காய விடுங்கள். அதன்பின் கண், விரல், நகை ஓரங்களைத் திருத்தி வரைதல். மறுபடி முக்கு. நாலு முறையாவது இது வேண்டும், எட்டும் ஆகலாம். மிகவும் பொறுமை கேட்கிற வேலை. ஒரு படத்துக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு மூன்றைச் சுழற்சியில் நடத்துங்கள்.

இப்போது சேறு. மூன்று காரணங்கள். முதலாவது, வெள்ளை வண்ணம் கலந்திருப்பீர்கள். போஸ்டர் கலரோ வெள்ளையோ ஒரு துளி சேர்ந்தாலும், முக்கும்போது கரைந்து எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புப் பொடியாகப் படியும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தையே விட்டுவைக்க வேண்டும். கடைசி முக்கு முடிந்தபின் முத்து மாலைக்கு மட்டும் வெள்ளைப் புள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, முழுக்கக் காயாமல் முக்கியது. மூன்றாவது, முரண் நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசியது. சிவப்பின் மேல் பச்சை வாஷ் போட்டால் அழுக்கு நிறமே வரும். முதல் மூன்று வாஷும் ஒரே குடும்பத்தில் இருக்கட்டும்.

வண்ணத்துக்கு வண்ணம் குணம் மாறும். பிரஷ்யன் நீலம் நாரைக் கவ்விக்கொள்ளும், முக்கினாலும் போகாது. அல்ட்ராமரீன் எளிதாகக் கழன்றுவிடும். அலிசரின் கிரிம்சன் நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயில்பட்டால் வெளுக்கும். வாங்கிய ஒவ்வொன்றையும் தனித் துண்டுக் காகிதத்தில் ஒரு கோடாகப் போட்டு, பாதியை மட்டும் முக்கிப் பார்த்து அட்டவணை செய்து சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடலூரில் ஐப்பசி கார்த்திகையில் ஒரு பூச்சு காய முழுநாள் ஆகும். அவசரத்துக்கு மின்விசிறியை நேரே திருப்பினால் காய்ந்த பக்கத்துக்கும் ஈரப் பக்கத்துக்கும் நடுவில் கிழிந்த ஓரம்போல் கறை விழும். சித்திரை வெயிலில் அதற்கு நேர்மாறு, பூச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனை போவதற்குள் காய்ந்துவிடும். அப்போது விடிகாலையில் வேலை செய்யுங்கள். முடிந்த படத்தைச் சட்டம் போடும்போது கண்ணாடி வண்ணத்தைத் தொடக் கூடாது. கெட்டி அட்டை மவுண்ட் இடையில் வேண்டும். மைதாப் பசையால் முழுமுதுகையும் ஒட்டிவிடுகிற வழக்கம் இங்கே உண்டு. வேண்டவே வேண்டாம், பூஞ்சையையும் ராமபாணப் பூச்சியையும் விருந்துக்கு அழைப்பது அது. மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டித் தொங்க விடுங்கள்.

தீட்சிதரின் நவக்கிரகக் கிருதிகளை ராஜம் ஓவியமாக்கினார் என்று படித்தேன். ஒரு பாட்டிலிருந்து படம் எப்படி எடுப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

சனி பகவான் மீதான 'திவாகர தனுஜம்' கிருதியை எடுத்துக்கொள்வோம், யதுகுல காம்போதி, ஏக தாளம். அனுபல்லவிவரை கதையும் பலனும். சரணத்தில்தான் ஓவியனுக்கு வேலை: 'காலாஞ்சன காந்தி யுக்த தேஹம்', மை போன்ற ஒளி கொண்ட உடல். 'காக வாஹம்', காக்கை வாகனம். நீலப் பட்டு, நீலப் பூமாலை, நீலக்கல் நகைகள். மகர, கும்ப ராசிகளின் அதிபதி. எள்ளெண்ணெய் கலந்த அன்ன தீபத்தில் பிரியம். 'காலதண்ட பரிபீடித ஜானும்', யமனின் தண்டத்தால் அடிபட்ட முழங்கால்.

சொல்லைச் சொல்லாக ஒரு தாளில் எழுதி, எதிரே உடல், உடை, கை, வாகனம், சூழல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்போதே சிக்கல் தெரியும். கருமேனி, கருங்காக்கை, நீல உடை, நீலப் பூ, நீல நகை. எல்லாம் ஒரே இருட்டு. குழாயிலிருந்து கறுப்பு வண்ணத்தை எடுத்துப் பூசினால் உருவம் ஓட்டையாகத் தெரியும். பாட்டு 'கறுப்பு' என்று சொல்லவில்லை, அஞ்சனத்தின் காந்தி என்கிறது. அல்ட்ராமரீனையும் பர்ண்ட் அம்பரையும் கலந்தால் வரும் கருமைக்குள் ஒளி இருக்கும், அதைப் பல பூச்சாகக் கட்டுங்கள். உடை இரண்டு படி வெளிறிய நீலம். காக்கையை வெளிறிய வானத்துக்கு எதிரே வையுங்கள். நீலக்கல்லுக்கு நடுவில் ஊசிமுனை அளவு காகித வெள்ளை. பாட்டே தந்திருக்கிற அந்த எள் தீபத்தின் செம்மஞ்சளைக் கால் பக்கம் வைத்தால் நீலம் முழுவதும் விழித்துக்கொள்ளும். அதே வெளிச்சத்தில் அந்த முழங்காலையும் காட்டலாம். எந்தக் கால் என்று பாட்டு சொல்லவில்லை, ஆகவே தீபம் இருக்கும் பக்கத்துக் காலை எடுத்துக்கொள்ளலாம்.

தொடரின் முதல் ஏழு கிருதிகளும், சூளாதி தாளங்கள் எனப்படும் ஏழு அடிப்படைத் தாளங்களில் அமைந்தவை. ராகு, கேது மீதானவை பிற்காலச் சேர்க்கை என்ற கருத்து அறிஞர்களிடையே உண்டு. நீங்கள் தொடராக வரைவதானால் ஏழோடு நிறுத்துவதா, ஒன்பதும் வரைவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், சட்ட அளவும் சுவர் அமைப்பும் அதைப் பொறுத்தவை.

மும்மூர்த்திகளின் முகம் உண்மையில் அப்படித்தான் இருந்ததா?
– மாணவர், ஈரோடு

புகைப்படம் கிடையாது. சியாமா சாஸ்திரி 1827இலும் தீட்சிதர் 1835இலும் மறைந்தார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். தியாகராஜர் 1847 வரை இருந்தாலும் அவரைப் படம் எடுத்தவர் இல்லை. நாம் பார்ப்பது ஓவியர்களின் கற்பனை, மரபுவழிச் செய்தி இரண்டும் சேர்ந்தது. அது பழகிப்போய் இன்று முகமாகவே ஆகிவிட்டது. ஓர் ஓவியருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி என்று அதைச் சொல்வேன்.

அப்பா 1970களில் வானொலிக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார். பதினெட்டு ஸ்பூல்கள். கணினிக்கு மாற்றலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

மாற்றலாம், சீக்கிரம் மாற்றுங்கள். ஆனால் ஆசைப்பட்டு உடனே போட்டுக் கேட்காதீர்கள். முதலில் ஸ்பூலைப் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளைத் தூள்போல் இருந்தால் பூஞ்சை. அது மூக்குக்கும் கெடுதல், மற்ற ஸ்பூல்களுக்கும் தொற்றும், தனியே வையுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டேப் சுருள் வழியே ஒளி ஊடுருவினால் அது அசிடேட் வகை, எளிதில் முறியும். ஒளி வராமல் இருட்டாகத் தெரிந்தால் பாலியெஸ்டர். புளித்த காடி வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது, அதை முதலில் மாற்ற வேண்டும்.

ஓட்டும்போது கீச்சென்று சத்தம் வந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசின் படிந்தால் உடனே நிறுத்துங்கள். ஈரம் குடித்துப் பசை இளகிய டேப் அது. அதைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி மீட்கும் முறை இருக்கிறது. அந்த வேலை தெரிந்த கூடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். அசிடேட் டேப்பை ஒருபோதும் சூடாக்கக் கூடாது.

நல்ல நிலையில் உள்ளவற்றை, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஓட்டத்தில் 24 பிட், 48 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். முதல் பிரதியில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் தொடக் கூடாது. இரைச்சலோடு தம்பூராவும் போய்விடும்.

வேகம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். வீட்டுக் கருவிகளில் வினாடிக்கு 19 செ.மீ., 9.5 செ.மீ. என்று இரண்டு வேகம் பொதுவானது. 1200 அடி டேப் முதல் வேகத்தில் 32 நிமிடம், இரண்டாவதில் 64 நிமிடம் ஓடும். தவறான வேகத்தைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் போவது நாலைந்து சதவீதப் பிசகு. 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறும், ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவர் ஒன்றரைக் கட்டையாகிவிடுவார். ஒருவரின் சுருதியை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள், வயதோடு சுருதி இறக்கியவர்கள் உண்டு. பாட்டு இல்லாத இடைவெளியில் மின்சார ரீங்காரம் பதிவாகியிருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அதிர்வெண் வரைபடத்தில் அந்தக் கோடு 52.5இல் நின்றால் 5 சதவீதம் வேகம். இப்போது ஓட்டும் கருவியின் ரீங்காரமும் 50இல் ஒரு கோடு காட்டும், அதோடு குழப்பிக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கோட்டைப் பாருங்கள்.

டப்பாவின் மேல் அப்பா எழுதிய குறிப்பு, ஸ்பூலின் இரு பக்கம், உள்ளே செருகிய சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து அதே கோப்புறையில் வையுங்கள். பாடியவர் பெயர் அறிவிப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் வரும், அதை வெட்டிவிடாதீர்கள். வீட்டில் கேட்பதற்குத் தடை இல்லை. இணையத்தில் ஏற்றுவது வேறு. நம் சட்டப்படி ஒலிபரப்பு உரிமை 25 ஆண்டு, பாடியவரின் உரிமை 50 ஆண்டு, பாட்டை இயற்றியவரின் உரிமை தனி. ஏற்றும் முன் பாடகரின் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களிடமே அந்தப் பதிவு இல்லாமல் இருக்கலாம்.